லீஸ் என்றால் என்ன? கெடு முடிந்த மறுநாளை வைத்துப் புரிந்துகொள்வோம்

பாளையங்கோட்டையில் பெருமாள்புரம், தியாகராஜநகர் பக்கம் வீடு தேடிப் போனால் வாசல் கேட்டில் தொங்கும் அட்டைகள் இரண்டு விதமாக இருக்கும். சிலவற்றில் ‘வீடு வாடகைக்கு’ என்றிருக்கும், சிலவற்றில் ‘வீடு லீஸுக்கு’. இதே லீஸ் கல்குவாரி செய்தியில் வரும், மாஞ்சோலை எஸ்டேட் செய்தியில் வரும், விமானக் கம்பெனி கடனில் மூழ்கிய செய்தியிலும் வரும். வீட்டு வைஃபை ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்தால் அங்கேயும் ‘லீஸ் டைம்’ என்று ஒரு வரி இருக்கும். முதல்முறை கேட்கிறவருக்கு இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். உண்மையில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஏற்பாடுதான்.

பொருள் ஒருவருடையது. அதை அனுபவிக்கும் உரிமை, ஒரு கெடு வரைக்கும், இன்னொருவருக்குப் போகிறது. அதற்கு ஈடாகப் பணமோ நெல்லோ வேறு ஏதோ கைமாறுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 105-வது பிரிவில் நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துகளுக்குச் சொல்வதும் சாராம்சத்தில் இதுதான். விற்பனையில் பொருளே போய்விடும். லீஸில் பொருள் போவதில்லை, அனுபவம் மட்டும் போகிறது, அதுவும் திரும்பி வர வேண்டும்.

பெரும்பாலானவர்கள் தொகை எவ்வளவு, எத்தனை வருஷம் என்ற இரண்டோடு கேள்வியை நிறுத்திவிடுகிறார்கள். கெடு முடிந்த மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்பதை யாரும் பேசுவதில்லை. லீஸின் வகைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவது அந்த இடத்தில்தான், தகராறுகள் முளைப்பதும் அங்கேதான்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

திருநெல்வேலியில் வீட்டை லீஸுக்கு விடுவது என்றால், மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்பது. மாத வாடகை கிடையாது, தொகைக்கு வட்டியும் கிடையாது. கெடு முடிந்ததும் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொகையை முழுசாக வாங்கிக்கொள்ளலாம். பெரியவர்கள் இதை ஒத்தி என்பார்கள். “என்ன அண்ணாச்சி, வீடு வாடகைக்கா ஒத்திக்கா?” “ஒத்திக்குத்தான், அஞ்சு லட்சம் சொல்லுதாங்க” என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம்.

இதில் யாருக்கு என்ன லாபம்? அந்த 5 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 35,000 ரூபாய், அதாவது மாதம் 2,900 ரூபாய் சொச்சம் கிடைக்கும். ஒத்திக்குப் போகிறவர் இழப்பது அந்த வட்டியை மட்டும்தான். வீட்டின் வாடகை மதிப்பு மாதம் 6,000 என்றால் அவருக்கு நல்ல லாபம். அப்படியானால் வீட்டுக்காரர் எதற்காகச் சம்மதிக்கிறார்? அவருக்கு வேறொரு கணக்கு இருக்கும். இரண்டு ரூபாய் வட்டிக்கு 5 லட்சம் கடன் இருந்தால் மாதம் 10,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். ஒத்திப் பணத்தை வைத்து அந்தக் கடனை அடைத்தால், 6,000 வாடகையை விட்டுக்கொடுத்தும் அவருக்கு மாதம் 4,000 மிச்சம்.

இரண்டு பேருக்குமே லாபம் தருகிற ஏற்பாடு என்பதால்தான் இது இத்தனை காலமாக நிலைத்திருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை நன்றாகக் கவனித்தால் ஆபத்து இருக்கும் இடமும் தெரிந்துவிடும். வீட்டை ஒத்திக்கு விடுகிறவர் பல சமயம் கடனில் இருப்பவர். வாங்கிய தொகை அவர் கையில் தங்கியிருக்காது. கெடு முடியும்போது, அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்களுக்குப் பணம் கிடைக்கும் என்ற நிலைமை மிகச் சாதாரணம்.

அதைவிடப் பெரிய ஆபத்து பத்திரத்தில் இருக்கிறது. மொத்தத் தொகையைக் கொடுத்து வீட்டின் சுவாதீனத்தை வாங்கும் இந்த ஏற்பாடு, சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் லீஸே அல்ல. சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-வது பிரிவில் வரும் சுவாதீன அடமானம் அது. கடன் கொடுத்தவர் சொத்தைத் தன் அனுபவத்தில் வைத்துக்கொண்டு வட்டிக்குப் பதிலாக அதன் பலனை எடுத்துக்கொள்கிறார். 100 ரூபாய்க்கு மேற்பட்ட இப்படிப்பட்ட அடமானம் எழுத்தில் இருக்க வேண்டும், சாட்சிகள் வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகவும் வேண்டும். ஊரில் நடப்பது என்னவென்றால், முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் மிச்சம் என்று சாதா முத்திரைத்தாளில் ‘லீஸ் அக்ரிமெண்ட்’ என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொள்கிறார்கள். பணம் கொடுத்ததற்கு அந்தத் தாள் ஒரு சாட்சியாக உதவலாம். வீட்டின் மேல் ஒரு பிடியை அது தராது.

அந்தப் பிடி எப்போது தேவைப்படும் என்றால், வீட்டுக்காரர் ஏற்கெனவே வீட்டை வங்கியில் அடமானம் வைத்துவிட்டுத் தவணை கட்டாமல் விட்டிருக்கும்போது. 2002-இல் வந்த சர்ஃபேசி சட்டப்படி வங்கி கடன்காரருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டைக் கையகப்படுத்தலாம். நோட்டீஸ் போவது வீட்டுக்காரருக்கு. உள்ளே குடியிருப்பவருக்கு விஷயம் தெரிவது சுவரில் காகிதம் ஒட்டப்படும்போதுதான். வங்கியின் அடமானம் முந்தியது, உங்கள் தாள் பிந்தியது, அதுவும் பதிவாகாதது. உங்கள் 5 லட்சத்துக்காக வங்கி காத்திருக்காது. வீட்டுக்காரரைத் தேடிப்பிடித்து வாங்குவது உங்கள் பாடு. வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தை இப்படித் தொலைத்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அதனால் ஒத்திக்குப் போகுமுன், சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அசல் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அசலைக் காட்டத் தயங்குகிற வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

வாடகை இதைவிட எளிது. மாதாமாதம் காசு கொடுக்கிறோம், அட்வான்ஸ் கொஞ்சம் வீட்டுக்காரரிடம் இருக்கும். சட்டத்தின் பார்வையில் உண்மையான லீஸ் இந்த வாடகைதான், நம் பேச்சில்தான் இரண்டும் இடம் மாறிவிட்டன. ஒப்பந்தம் ஏன் எப்போதும் 11 மாதத்துக்குப் போடுகிறார்கள் என்று பலர் கேட்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இந்த 11. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, வீட்டுக்காரர் குடியிருப்பவர் இருவருக்குமான 2017-ஆம் ஆண்டுச் சட்டம், எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்கிறது. ஆகவே 11 மாதம் என்று எழுதினால் எந்தப் பதிவும் வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை இனி சரியில்லை.

சரி, வயலுக்குப் போவோம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ நெல் விளையும் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பகுதிகளில், உழுகிறவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பேரில் என்பது பழைய நிலைமை. கோவில்களுக்கும் மடங்களுக்கும் இங்கே நிறைய நிலம் உண்டு. விளைச்சல் எப்படி இருந்தாலும் இத்தனை கோட்டை நெல் அல்லது இவ்வளவு பணம் என்று பேசிக்கொண்டால் அது குத்தகை. அறுத்த களத்திலேயே இத்தனைக்கு இத்தனை என்று பங்கு பிரித்தால் வாரம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதுதான். குத்தகையில் மழை பொய்த்தாலும் வெள்ளம் வந்தாலும் உழுகிறவர் பேசியதை அளக்க வேண்டும். வாரத்தில் நிலத்துக்காரரும் சேர்ந்தே இழக்கிறார். உழுகிறவருக்கு வாரம் கொஞ்சம் பாதுகாப்பு, ஆனால் நல்ல விளைச்சல் வந்த வருஷத்தில் கூடுதலை அவரே வைத்துக்கொள்ள முடியாது.

கெடு முடிந்த மறுநாள் என்ற கேள்வியை வயலில் கேட்டால் வேறு பதில் வரும். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தானே உடலுழைத்துப் பயிர் செய்பவரைக் கெடு முடிந்தது என்ற ஒரே காரணத்தால் வெளியேற்ற முடியாது. குத்தகைப் பாக்கி வைத்தது, நிலத்தைப் பாழாக்கியது போன்ற காரணம் இருந்தால்தான் அந்தப் பேச்சே எழும். அடுத்த வருஷமே நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. நிலத்துக்காரர் பங்குக்கு அது ஓர் உச்சவரம்பு வைத்தது, பின்னால் அந்த வரம்பு விளைச்சலில் 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உழுகிறவர் பக்கம் நின்ற சட்டங்கள் இவை, நல்ல சட்டங்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் இதன் இன்னொரு விளைவையும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை எழுதிக்கொடுத்தால் நிலம் திரும்பாது என்று பயந்து பல நிலத்துக்காரர்கள் எதையும் எழுதிக்கொடுப்பதில்லை. வாய்ப்பேச்சுக் குத்தகை, வருஷா வருஷம் ஆளை மாற்றுவது என்று போகிறது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-இலேயே ஒரு சட்டம் உண்டு, தாலுகா அளவில் மனு கொடுக்கலாம். அப்படிப் பதிவாகாதவரை அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்ப் பதிவேட்டில், நிலத்துக்காரர் பேர்தான் இருக்கும். பயிர்க்கடன் கேட்கும்போதும் வெள்ள நிவாரணக் கணக்கு எடுக்கும்போதும், வியர்வை சிந்தினவரிடம் காட்ட ஒரு தாள் இருக்காது. கோவில் நிலத்துக்கு இன்னொரு விதியும் சேர்கிறது. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது.

நிலத்தை விட்டுவிட்டு மரத்தை மட்டும் குத்தகைக்கு எடுப்பதும் உண்டு, அதைத் தெற்குப் பக்கம் பாட்டம் என்பார்கள். உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்தில் பனையைப் பாட்டத்துக்கு எடுத்துப் பதநீர் இறக்குவார்கள். தென்னையும் மாவும் இப்படியே போகும், மா பூப்பிடிக்கும் முன்பே விலை பேசி முடிந்துவிடும். மரத்தடி மண் மேல் பாட்டக்காரருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை. பருவம் முடிந்தால் அவர் வேலையும் முடிந்தது. இத்தனை வகையிலும் சண்டை குறைவானது இதுதான், ஏனென்றால் இங்கே கெடுவை வைப்பதே மரம்.

குளத்து மீன்பாசிக் குத்தகையில் அப்படியில்லை. பசலி ஆண்டுக் கணக்கில், ஜூலை முதல் மறு ஜூன் வரை, மீனுக்கு மட்டும் ஏலம் போகும். தண்ணீர் விவசாயிகளுடையது, மீன் குத்தகைக்காரருடையது. கெடு நெருங்கும்போது தண்ணீர் வற்றினால்தான் மீன் பிடிக்க வசதி என்று ஒருவர் நினைப்பார், கடைசி நனைப்புக்குத் தண்ணீர் வேண்டும் என்று மற்றவர் மடையில் காவல் இருப்பார். ஒரே குளத்தில் இரண்டு அனுபவ உரிமைகள் மோதும் இடம் இது. பேருந்து நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்ட், சந்தை வசூல் போன்றவையும் குத்தகை என்றே பேசப்படும், ஆனால் பல சமயம் அவை வெறும் உரிமம்தான். உள்ளே மற்றவரை விடாமல் தடுக்கும் முழுச் சுவாதீனம் உங்களிடம் இருந்தால் லீஸ், ஒரு வேலையைச் செய்துகொள்ள மட்டும் அனுமதி என்றால் உரிமம். தாளின் தலைப்பைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லிவிட்டது.

நீண்ட லீஸ்களுக்கு வருவோம். முல்லைப் பெரியாறு அணைக்காக 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் எழுதிக்கொடுத்தது 999 வருஷ லீஸ். 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷ வாடகை, 1970-இல் அது 30 ரூபாயானது. நம் பக்கத்து லீஸ் மாஞ்சோலையினுடையது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன், மேற்குத் தொடர்ச்சி மலையில் 8,373 ஏக்கரைப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷ லீஸுக்குக் கொடுத்தது. காடு அழிந்து தேயிலை வந்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் எழுந்தன. ஜமீன்கள் ஒழிக்கப்பட்டு நிலம் அரசிடம் வந்த பிறகும் லீஸ் தொடர்ந்தது. நிலத்தின் உடைமை கைமாறினாலும் நடப்பில் உள்ள லீஸ் தானாக அறுந்துவிடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். கெடு 2028-இல் முடிகிறது. அந்த மலை இப்போது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, நிலம் காட்டுக்குத் திரும்ப வேண்டியது.

கெடுவுக்கு முன்பே, 2024-இல், நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வை அறிவித்தது. மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். லீஸ் பத்திரத்தில் இருந்தது இரண்டு தரப்பு, நிலம் கொடுத்தவரும் எடுத்தவரும். தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள் வேலையோடு ஒட்டியவை. அவர்கள் பேரில் லீஸும் இல்லை, பட்டாவும் இல்லை. கெடு முடிந்த மறுநாள் அவர்கள் எங்கே போவார்கள் என்று 1929-இல் எழுதினவர்கள் ஒரு வரி யோசித்திருக்க மாட்டார்கள். நீண்ட லீஸ் எதைப் படித்தாலும், அதில் பேர் இல்லாத மூன்றாவது ஆள் யார் என்று நான் தேடிப் பார்ப்பது மாஞ்சோலையால்தான்.

இனி ரவுட்டர். வீட்டு வைஃபையில் ஒரு போன் சேரும்போது, அதை அடையாளம் காண ஒரு ஐபி முகவரி வேண்டும். ரவுட்டர் தன்னிடம் உள்ள முகவரிகளில் ஒன்றை எடுத்து, ‘இத்தனை மணி நேரத்துக்கு இது உனக்கு’ என்று கொடுக்கிறது. இந்த முறைக்கு டிஹெச்சிபி என்று பேர், அந்தக் கெடுதான் லீஸ் டைம். பல ரவுட்டர்களில் அது 24 மணி நேரம். பாதிக் கெடு கழிந்ததும் போன் தானாகவே நீட்டிப்பு கேட்கும். பதில் வராவிட்டால், எட்டில் ஏழு பங்கு கழிந்தபின் அந்த நெட்வொர்க்கில் முகவரி கொடுக்கக்கூடிய யாரையாவது கேட்கும். அப்போதும் கிடைக்காவிட்டால் கெடு தீர்ந்த நொடியில் முகவரியை விட்டுவிடும்.

இது எதற்கு? போன்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விடலாம், பேட்டரி செத்துப்போகலாம். முகவரியைத் திருப்பிக் கொடு என்று யாரும் அவரைத் துரத்த வேண்டியதில்லை, கெடு முடிந்தால் அது தானே மீண்டும் இருப்பில் சேர்ந்துவிடும். ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். சாதாரண ரவுட்டரிடம் இருப்பது அதிகபட்சம் 250 சொச்சம் முகவரிகள். காலை முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும், 24 மணி நேர லீஸால் அவர்கள் முகவரிகள் அப்படியே பிடித்து வைக்கப்பட்டிருக்கும். மாலை வரவேற்புக்கு வருகிறவர்களுக்கு வைஃபை கிடைக்காது. லீஸை ஒரு மணி நேரமாகக் குறைத்தால் பிரச்சினை தீர்ந்தது. பெரிய கணினி அமைப்புகளில் ஒரு கோப்பைப் பூட்டும் உரிமையையும் இதே போல லீஸாகக் கொடுப்பார்கள். பூட்டின கணினி செயலிழந்தால், கெடு முடிந்ததும் பூட்டு தானாகத் திறக்கும்.

விமானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி வாகைக்குளத்தில் வந்திறங்கும் விமானத்தில் எந்தக் கம்பெனியின் பேர் எழுதியிருந்தாலும், அதன் சொந்தக்காரர் வேறு நாட்டு லீஸ் நிறுவனமாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. விமானம் மட்டும் என்றால் ட்ரை லீஸ். விமானி, பணியாளர், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து என்றால் வெட் லீஸ். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் திவால் மனு போட்டபோது, வாடகை வராத விமானங்களைச் சொந்தக்காரர்களால் உடனே எடுக்க முடியவில்லை. திவால் நடவடிக்கைக்காகச் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வழி பிறந்தது.

கணினியில் கெடு முடிந்தால் தானாக முடியும். வீட்டிலும் நிலத்திலும் அப்படி முடிவதில்லை. வாடகைக் கெடு முடிந்த பிறகும் நீங்கள் இருந்து, வீட்டுக்காரரும் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் பொது விதிப்படி குடியிருப்பு மாதத்துக்கு மாதம் தொடர்வதாகக் கணக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முடித்துக்கொள்ள 15 நாள் நோட்டீஸ்.

ஒத்தியில் முடிவுக்கும் ஒரு தாள் வேண்டும். ஒத்திப் பத்திரம் பதிவாகியிருந்தால், பணம் திரும்பிய அன்று அதை ரத்துசெய்யும் ரசீதும் பதிவாக வேண்டும். அதுவரை வில்லங்கச் சான்றில் உங்கள் ஒத்தி நின்றுகொண்டே இருக்கும், வீட்டுக்காரர் வீட்டை விற்பதோ வங்கிக் கடன் வாங்குவதோ சிரமம். பணம் முழுசாகக் கணக்கில் ஏறிய பிறகு அந்த ரசீதில் கையெழுத்துப் போடுங்கள், அதே நாளில் சாவியையும் கொடுத்துவிடுங்கள். “அடுத்த வாரம் தாரேன், இப்போ கையெழுத்தைப் போட்டுருங்க” என்று யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம்.